வியாழக்கிழமை மதுரைக்கு

அத்தியாயம் 17

“கோயில் நடுவுல எய்ந்து நின்னு அப்டியா கத்துவாங்க? சனமெல்லாம் திரும்பிப் பாக்குது, எனக்கு அப்டியே—”

“கத்தாம? எம்புள்ள பேர செத்தவங்க வரிசைல படிக்கிறாரு. நான் கை கூப்பி ஆமென் சொல்லணுமா?”

“அதுக்குன்னு சாமியாரப் பாத்து, நிறுத்துய்யான்னு—”

“ஃபாதர்னுதான் சொன்னேன்!”

“யோவ் ஃபாதர்னு சொன்னே. நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன்.”

“சரி, சொன்னேன். இப்ப அதுவா பேச்சு? பேரக் குடுத்தது யாரு? அத்தச் சொல்லு. நீதானே?”

“நானா? பெத்தவ குடுப்பாளா?”

“அப்ப நான் குடுத்தேனா?”

அப்பாவும் அம்மாவும் இப்படி மோதிக்கொண்டிருக்க, மகிமா சமையல் மேடைப் பக்கம் திரும்பி நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் நிரம்பி, வழிந்து, மேடையெல்லாம் ஓடியது. அவள் பார்க்கவில்லை.

பேரைக் கொடுத்தவள் அவள்தான்.

அவள் கூடப்பிறந்த நெல்சன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருடம். எண்ணூர் நெடுஞ்சாலையில் பந்தயம் விட்டதற்காகப் போலீஸ் பிடித்து வைத்திருந்த ஆர்.எக்ஸ். நூறு வண்டியை அப்பா ஸ்டானிஸ்லாஸ் மீட்டு வந்து, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். “இனிமே இந்த வண்டியத் தொட்டே, இந்த வூட்டு வாசல மிதிக்காத” என்றார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திக் கத்தியே பழகிய தொண்டை. சந்து முழுக்கக் கேட்டது. பையன் வண்டியைத் தொடவில்லை. மறுநாள் காலை ஒரு தோள்பையோடு இறங்கியவன், அப்புறம் வாசலையும் மிதிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஐஸ் கம்பெனி ரெஜி ஒரு சேதி கொண்டுவந்தான். அவனுடைய மச்சான் மதுரைக்குப் போயிருந்தபோது, மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் ராயபுரத்துப் பையன் ஒருத்தன் ஆர்.எக்ஸ். வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தானாம். இடது புருவத்தில் தழும்பாம். ஸ்டானிஸ்லாஸுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மச்சான் போனது எந்த வருடம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே வண்டி மேல் மூடியிருந்த தார்ப்பாயை உருவினார். சங்கிலிப் பூட்டு துருப்பிடித்துத் திறக்காமல் போக, அறுத்துத்தான் எடுத்தார்கள். வண்டி அவருடைய தோஸ்து சௌக்கத் அலியின் பட்டறைக்குப் போயிற்று. வருகிற வியாழக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு மதுரைக்குப் பயணம்.

மகிமாவுக்கு மட்டும் தெரியும், அங்கே போய்ப் பார்க்க நெல்சன் இல்லை என்று.

ஜனவரி மாதம் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலாம் நாள், நெல்சனின் கூட்டாளி சாலமோன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து அவளை மட்டும் வெளியே கூப்பிட்டான். தூத்துக்குடிக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன். போகிற வழியில் நெல்சனைப் பற்றிக் கேள்விப்பட்டு, மதுரை ஷெட்டுக்கே போய் விசாரித்து வந்திருந்தான். மஞ்சள் காமாலை. அதற்கு முந்தைய ஜூலையிலேயே முடிந்து போயிருந்தது. வீட்டு விலாசம் கேட்டதற்கு நெல்சன் கடைசி வரை வாய் திறக்கவில்லையாம். ஷெட்காரரே அடக்கம் பண்ணியிருக்கிறார்.

“வூட்ல சொல்லிடு மகி” என்றான் சாலமோன். உள்ளே அப்பா ஒயர்களுக்கு நடுவில் படுத்திருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். வாரம் ஒன்று ஆயிற்று, மாதம் ஒன்று ஆயிற்று. தள்ளிப்போட்ட நாள் ஏற ஏற, சொல்ல வேண்டிய வார்த்தையும் கனத்துக்கொண்டே போனது.

டாக்டர் தடுத்துவிடுவார் என்று நம்பினாள். மதுரைக்குப் போகிறேன் என்று டாக்டரிடம் சொன்ன அப்பா, எதில் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

“தாராளமா போய் வாங்க, மீனாட்சி கோயில பாருங்க, திருமலை நாயக்கர் மகால பாருங்கன்னாரு. நல்ல டாக்டரு” என்று வீட்டுக்கு வந்து சிரித்தார்.

இந்த நவம்பரில்தான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. கல்லறைத் திருநாளுக்கு எல்லார் வீட்டுக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. தாத்தா கல்லறைக்கு அம்மா சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டாள். நெல்சனுக்கு ஒரு ஆள், ஒரு ஜெபம் இல்லையே என்று மகிமா நினைத்துக்கொண்டாள். ஆன்மாக்களின் மாதம் முழுக்கக் கோயில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். இறந்தவர்களின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கவரில் போட்டால் பீடத்தின் அடியில் வைத்து மாதம் பூராவும் ஜெபிப்பார்கள். கவரை யாரும் பிரிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் போட்டாள்.

புதிதாக வந்த ஃபாதர், பெயர்களை மூடி வைத்து என்ன ஜெபம் என்று நினைத்தாரோ என்னவோ, இன்று முதல் பூசைக்குப் பத்துக் கவரைப் பிரித்துப் படித்தார்.

வெறும் பெயரை எழுதியிருந்தால் ஊரில் எத்தனையோ நெல்சன் என்று போயிருக்கும். ஆனால் மகிமா ஒன்பது வருடமாகத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் பார்க்கிறவள். அங்கே படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கன்டெய்னர் கேட்டைத் தாண்டாது. பெயர், தகப்பன் பெயர், தெரு, இறந்த தேதி என்று கோயில் படிவத்தில் நாலு கட்டம் இருந்தது. நாலையும் நிரப்பிவிட்டுத்தான் அவள் கை பேனாவை மூடியது.

“நெல்சன், தகப்பன் ஸ்டானிஸ்லாஸ்” என்று தெருப் பெயரோடு ஃபாதர் படித்தார். தேதியைப் படிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“இந்தா நைனா, டீ.”

ஸ்டானிஸ்லாஸ் வாங்கிக்கொண்டார். குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். “மகி, நீ சொல்லு. வேணும்னே யாரோ பண்ணிகீறான். நான் அவனப் பாக்கப் போறது எவனுக்கோ பொறுக்கல.”

“வுடு நைனா. ஆபீஸ்ல ஏதாவது தப்பு நடந்திருக்கும்.”

“தப்பா? தெருப் பேரு சரியா கீது, எம்பேரு சரியா கீது. புள்ள உசுரு மட்டும் தப்பா? பத்து மணிக்கு ஆபீஸத் தொறப்பாங்க. போய் அந்தப் பேப்பரப் பாக்கறேன். கையெய்த்தப் பாத்தா ஆளு தெரிஞ்சிடும்.”

மகிமா மேடையில் வழிந்த டீயைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சிலுவையம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த ஒயர் கூடையை எடுத்தாள். “ஞாயித்துக்கெயம அதுவுமா வூட்ல மீன் இல்ல. நான் வாங்கியாறேன். அதுவரிக்கும் அப்பனும் பொண்ணும் அடிச்சிக்காம இருங்க.”

“ரயில்ல போய்யான்னு ரெண்டு மாசமா சொல்றேன்” என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். “அறுபத்திநாலு வயசுல, நெஞ்சுல கம்பி வெச்சிகினு, நானூத்தி அறுவது கிலோமீட்டரு வண்டி ஓட்டறாராம். நான் தடுத்த கோவத்தத்தான் கோயில்ல காட்டிட்டே.”

“ரயில்ல போனா ஒரு கெயவன் வந்து நிப்பான், அவ்ளோதான். எதுக்கு வந்தேன்னு கேப்பான். வண்டி சத்தத்தக் கேட்டா அவனே எய்ந்து வருவான் சிலுவ. எறங்கி, சாவிய அவன் கைல குடுத்துட்டு, நான் ரயில்ல திரும்பிடுவேன். அவன் வரணும்னுகூட கேக்க மாட்டேன்.”

“ஒரு ஃபோன் போட்டு—”

“ஃபோன் போட்டா ஓடிடுவான். என் புள்ள எனக்குத் தெரியும்.”

சிலுவையம்மாள் போய்விட்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். மகிமா ஆபீசில் டைப் அடித்துக் கொடுத்த வழி விவரம். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், எங்கே பெட்ரோல், எங்கே வண்டியை ஆற வைப்பது. இதை அடித்த அன்று, வண்டி கிளம்பவா போகிறது என்ற தைரியத்தில்தான் அவளும் அடித்தாள்.

“தாம்பரம் தாண்டறதுக்குள்ள வெளிச்சம் வந்துடும். அச்சிறுபாக்கத்துல மழை மலை மாதாவப் பாத்துட்டு, வியுப்புரத்துல நாஸ்டா. பெரம்பலூர்ல மதியம். ராத்திரி திருச்சி பாலக்கரைல எங்க சித்தப்பா பொண்ணு வூடு. மறுநா விராலிமலை, மேலூரு, பத்தரைக்கெல்லாம் மதுர. சரியா?”

“சரி நைனா.”

“அம்பது கிலோமீட்டருக்கு ஒருவாட்டி நிறுத்தணும்னு போட்டுகீறே. வண்டிக்கா, எனக்கா?”

“ரெண்டுத்துக்கும்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு இப்போது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். ஃபோன் அடித்தது.

“சொல்லு சௌக்கத்து... ஆங்? ஸ்டார்ட் ஆய்டுச்சா? எத்தினி கிக்குல? டேய், ரெண்டே கிக்கா!” சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே எழுந்தார். “மகி, நான் வண்டிய எடுத்தாந்துர்றேன். வந்து, அப்பால ஆபீஸுக்குப் போறேன். எங்க ஓடிடப் போது அந்தப் பேப்பரு.”

அவர் தலை சந்து முனையில் மறைந்ததும் மகிமா துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பத்து மணி ஆகவில்லை என்றாலும் கோயில் ஆபீசில் உபதேசியார் லூர்து தனியாக உட்கார்ந்து, மேஜை மேல் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“வாம்மா. உங்க நைனா இருக்கற கோயிலுக்கு மைக்கு தண்டம். ஃபாதர் பாவம், பூச முடிஞ்சும் தண்ணியக் குடிச்சிகினே கீறாரு.”

“மன்னிச்சிக்கோங்க அண்ணே. அந்தக் கவரு... அந்தப் படிவம் எனக்கு வேணும். ஒரு சின்ன திருத்தம் கீது.”

“திருத்தமா?” லூர்து அவளையே பார்த்தார். “அது இங்க இல்லியே. உங்கம்மா வந்து வாங்கினு பூட்ச்சு. ஒரு கால் மணி ஆவும்.”

மகிமா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா படிச்சாங்களா?”

“கண்ணாடி எடுத்தாரல, நீயே படின்னுச்சு. படிச்சேன். தேதி வந்துச்சு பாரு, அத்த மட்டும் இன்னொருவாட்டி படின்னுச்சு. போன வருஷம் ஜூல ஒம்போது. படிச்சேன். இங்க, நீ நிக்கற எடத்துலதான் நின்னுச்சு. அப்பால நாலா மடிச்சி ஜாக்கெட்ல வெச்சிகினு, மீன் வாங்கணும் லூர்து, கானாங்கெளுத்தி வந்துகீதான்னு கேட்டுச்சு. எனக்கு இன்னாத்தச் சொல்றதுன்னே தெரியல. வந்துகீதுன்னேன்.”

வெளியே இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது. லூர்து கவர்களை ஒதுக்கிவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஏம்மா, நெசமா? நெல்சன் தம்பியா? பூசைக்கு ஒதவற பீடப் பையனா என் கண்ணெதிர்ல ஓடுன புள்ள.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அசைத்த பிறகுதான் உறைத்தது, இந்தப் பத்து மாதத்தில் இதை ஒருவரிடம் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை என்று. பதிலுக்கு லூர்து மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா வாசல் குழாயடியில் மணை போட்டு உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையில் செவுளும் துடுப்பும் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மகள் எங்கே போய்விட்டு வருகிறாள் என்று கேட்கவில்லை.

“ம்மா—”

“அந்தக் கல்லுப்ப எடுத்தா.”

மகிமா உப்பு ஜாடியை எடுத்துவந்து நின்றாள். நிற்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

ஏழு வருடமாகச் சந்தில் கேட்காத சத்தம். முதலில் டீக்கடைத் திருப்பத்தில், பிறகு தண்ணீர்த் தொட்டியருகில், பிறகு இங்கே. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. சிலுவையம்மாளின் கை மீன் மேல் அப்படியே நின்றது.

ஸ்டானிஸ்லாஸ் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அணைக்காமல் ஒருமுறை முறுக்கிக் காட்டினார். வியர்த்திருந்தார். பத்து வயது குறைந்திருந்தது அவர் முகத்தில்.

“இன்னாமே, எப்டி? கண்ண மூடிகினு கேளு. அவன் வர்ற மாரியே இல்ல?”

சிலுவையம்மாள் குழாயில் கையைக் கழுவினாள்.

அவர் வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, சாவியை உருவினார். “சரி, நான் கோயிலாண்ட ஒரு நடை போயி அந்தப் பேப்பரப் பாத்துட்டு—”

“போவாத.”

“ஏன்?”

“நான்தான் பேரு குடுத்தேன்.”

மகிமா கையிலிருந்த ஜாடியின் மூடி தரையில் விழுந்து உருண்டது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

“நீயா?” அவர் குரலில் இப்போது கிரேன் இல்லை. “காலைல கேட்டேனே. பெத்தவ குடுப்பாளான்னியே.”

“பயந்துகினு சொன்னேன். ஏயு வருஷம். ஒரு ஃபோன் இல்ல, ஒரு கிறிஸ்மஸுக்கு ஒரு வார்த்த இல்ல. அவன் அப்டிப்பட்ட புள்ள இல்லய்யா. உன்மேல கோவம் சரி, எம்மேல இன்னா கோவம் அவனுக்கு? எனக்கு மனசுல பட்டுச்சு. போட்டேன்.”

“யாரு எய்திக் குடுத்தது?”

“யாரோ எய்தினாங்க. கோயில் வாசல்ல எத்தினியோ பேரு.”

ஸ்டானிஸ்லாஸ் வண்டி சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று மகிமா காத்திருந்தாள். திட்டவில்லை. அவர் பேசியபோது உதடு கோணிக்கொண்டது.

“ரெண்டு மாசமா நான் போறேன் போறேன்னு குதிக்கிறேன். நீ முறுக்கு சுட்டு டப்பால போடுறே. மனசுக்குள்ள அவன அடக்கம் பண்ணிட்டுத்தான் முறுக்கு சுட்டியா?”

சிலுவையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப ஒண்ணு பண்ணு. நீயும் வா. வியாயக்கெயம பின்னால குந்து. அவன் ஷெட்டுலேர்ந்து எய்ந்து வந்து எதிர்ல நிப்பான் இல்ல, அப்ப அவன் மூஞ்சியப் பாத்து சொல்லு, உன் பேர இப்டி எய்திப் போட்டேண்டான்னு.”

“வரேன்.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இந்த வண்டியில் சிலுவையம்மாள் ஒருநாளும் ஏறியதில்லை. இது என் குடும்பத்தைப் பிரித்த சனியன் என்று, தார்ப்பாயைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே போனவள்.

“ரெண்டு பேரு குந்தினா வண்டி சூடாவும்.”

“நிறுத்தி நிறுத்திப் போ. எனக்கு அவசரம் இல்ல.”

“இடுப்பு வலிக்கும்மே.”

“வலிக்கட்டும்.”

அவர் பின் சீட்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். கோபம் இறங்கி, வேறென்னவோ ஏறியது முகத்தில். “பின் சீட்டு பஞ்சு செத்துகீது. ஃபுட்ரெஸ்டு வேற ஆடுது. சௌக்கத்தாண்ட சொல்லி மாத்தியாறேன்” என்று முணுமுணுத்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. சந்தைத் திரும்பும்போது தேவையே இல்லாமல் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

சத்தம் தேய்ந்தது. சிலுவையம்மாள் அடுத்த மீனை எடுத்தாள்.

“இன்னா வந்துச்சு அவனுக்கு?”

“மஞ்சக் காமாலம்மா. முத்திப் போச்சாம். ஆஸ்பத்திரில ரெண்டே நாளு.”

“யாரு சொன்னது?”

“சாலமோன். ஜனவரில.”

“கூட யாரு இருந்தாங்க?”

“ஷெட்டு ஓனரு. ராவும் பகலும் அவருதான் இருந்தாராம். நல்ல எடத்துல வெச்சிருக்காங்கம்மா. மரச் சிலுவ நட்டு, பேரு எழுதிகீது. ஃபோட்டோ என் ஃபோன்ல—”

“காட்டாத.” கை நிற்கவில்லை. “நேர்ல பாத்துக்கிறேன்.”

மகிமா ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். “நான் சொல்லிடறேம்மா நைனாண்ட. இன்னிக்கே. நீ எதுக்கு எம்பாவத்த உந்தலைல போட்டுக்கிற? எம்மேல கத்தட்டும்.”

“கத்தினா பரவால்லடி. கத்த மாட்டாரு. வண்டியத் திரும்ப இந்தக் கம்பில கட்டிட்டு, அது பக்கத்துலயே குந்திப்பாரு. அப்பால எய்ந்துக்கவே மாட்டாரு. எனக்கு அந்த மனுஷனையாவது காப்பாத்தணும்.” வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் போட்டாள். “அவன் கீற எடம் வரிக்கும் வண்டிய ஓட்டினு போவட்டும். கொண்டாந்து வுட்டேண்டான்னு அவராவது மனசு ஆறட்டும். வயில நான் பாத்து சொல்லிக்கிறேன்.”

“எங்கம்மா சொல்லுவே?”

“அதான் தெரியல. அச்சிறுபாக்கத்துல மாதா காலடில சொல்லலாம்னு பாத்தேன். சொல்லிட்டா அதுக்கு மேல எப்டி ஓட்டுவாரு? கைய வுட்டுட்டா?”

“வண்டி ஓடறப்ப சொல்லிடாதம்மா.”

“அந்த அறிவு எனக்கில்லியா?”

“திருச்சில சொல்லு. வூட்டு மனுஷங்க இருப்பாங்க. ஆஸ்பத்திரியும் பக்கத்துல கீது. ஏதாவதுன்னா நான் ரயில் ஏறி வந்துடறேன்.”

“திருச்சில சொன்னா, மீதி வயில அவரு இன்னாத்த நெனச்சிகினு போவாரு? நூத்தி முப்பது கிலோமீட்டரு, அதானே போட்டுகீற நீ?” முதல் தடவையாக அவள் குரல் உடைந்து, உடனே ஒட்டிக்கொண்டது. “சொல்லாம கொண்டு போயி நிறுத்தினா, ஏண்டி பாவி வரவரிக்கும் சிரிச்சிகினு வர வுட்டேன்னு கேப்பாரு. அதுக்கும் நான்தான் நிக்கணும்.”

மகிமா அம்மாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மீன் வாடையும் உப்புத் தண்ணீரும் கலந்த சேலை. அம்மாவின் கைகள் இரண்டும் மீன் கழிவாக இருந்ததால், புறங்கையால் மகளின் தலையை ஒருமுறை தொட்டாள்.

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டேயிருந்தது. கழுவிய மீன்களைச் சட்டியில் அடுக்கி முடித்தாள் சிலுவையம்மாள். ஜாக்கெட்டுக்குள் இருந்த காகிதத்தின் ஓரம் நனைந்திருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எழுந்துகொள்ளவுமில்லை.

“ஜூல ஒம்போது செவ்வாக்கெயமையாம், லூர்து போன வருஷ காலண்டரு பாத்துச் சொன்னாரு. அன்னிக்கு நாம இன்னா பண்ணிகினு இருந்தோம், மகி?”